வாகனமும் வாக்குறுதியும்

சென்ற இதழில் கடன் பத்திரம் எழுதிக்கொள்வது குறித்து இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரி ஒருவர், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரிலிருந்து நான்கு பக்கக் கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய கணவர் ஷார்ஜாவில் பணியாற்றுகிறார். ஆறு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, விடுமுறையில் வந்தபோது சிறிய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். மாமியாருக்கு மாதம் இருமுறை மதுரையில் சிகிச்சை. பேருந்தில் ஏற்றிச் செல்ல இயலாத உடல்நிலை. சகோதரியின் தம்பி வண்டியை ஓட்டுகிறார்.

கார் வாங்கி 19 மாதங்கள் ஆகின்றன. ஓடியிருப்பது 16,000 கிலோமீட்டர். சென்ற மாதம் மானாமதுரையைத் தாண்டும்போது ஸ்டியரிங் கல்லாய் இறுகிவிட்டது. தம்பி இரு கைகளாலும் இழுத்துத் திருப்பி ஓரம் கட்டியிருக்கிறார். பின் இருக்கையில் நோயாளி. அல்லாஹ் காப்பாற்றினான். சர்வீஸ் நிலையத்தில் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கை இலகுவாக்கும் மின்மோட்டார் பழுது என்றனர். வாரண்டி இருக்கிறதே என்று கேட்டதற்கு, “12 மாதத்தில் செய்ய வேண்டிய சர்வீஸை 14-ஆம் மாதத்தில்தான் செய்திருக்கிறீர்கள், வாரண்டி போய்விட்டது. மாற்றுவதற்கு 38,000 ரூபாய் ஆகும்” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு மாதத் தாமதம் மாமியார் மருத்துவமனையில் இருந்ததால் நேர்ந்தது. கணவரிடம் இன்னும் சொல்லவில்லையாம். “இது நியாயந்தானா? மார்க்கம் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது?” என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணவரிடம் சொல்லிவிடுவதே நல்லது. வண்டி அவர் பெயரில் இருந்தால், புகார்க் கடிதத்தில் அவருடைய கையெழுத்து தேவைப்படும்.

வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் அறிவார்கள்: நாம் வாரண்டி என்று சொல்வதனை அங்கே ‘ளமான்’ என்கிறார்கள். மதரஸா மாணவர்களுக்கு இந்தச் சொல் புதிதன்று. ஃபிக்ஹு நூல்களில் ஒருவருடைய கடனுக்கு மற்றொருவர் பொறுப்பேற்கும் பாடத்திற்கே ‘ளமான்’ என்று பெயர். பொறுப்பேற்றவர் பின்னர் நழுவ இயலாது. கடன்காரர் கொடுக்கவில்லையெனில் இவர் கொடுத்தே ஆகவேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு காருடனும் வரும் அச்சிட்ட சிறு புத்தகம் அப்படிப்பட்ட பொறுப்பேற்பே. நாம் அதனைக் காப்பீட்டுக் காகிதத்தோடு சேர்த்துக் கார் முன்பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். பழுது வந்த அன்றுதான் முதன்முதலாக அதனைப் புரட்டுகிறோம்.

அந்தப் புத்தகத்தில் நிறுவனம் கொடுக்கும் வாக்கு மிகவும் அளவானது. மூலப்பொருளிலோ செய்நேர்த்தியிலோ குறையுள்ள பாகத்தைப் பழுது நீக்கித் தருவோம், அல்லது மாற்றித் தருவோம். இரண்டில் எது என்பதனை நாங்களே முடிவு செய்வோம் என்பதுதான் அதன் சாரம். வண்டியையே மாற்றித் தருவதாக எங்கும் எழுதியிருக்காது. 2006-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஒரு கார் வழக்கில் இதனைத் தெளிவாக்கியது: வாரண்டி நிபந்தனைப்படி நிறுவனத்தின் கடமை குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது, முழு வாகனத்தையும் மாற்றித் தரும் பொறுப்பு அதில் அடங்காது என்றது. ஆனால் உயிர் காக்கும் பாகமே கைவிட்டால் நிலைமை வேறு. விபத்தின்போது ஏர்பேக் விரியாமற்போன ஒரு வழக்கில், வாகனத்தை மாற்றித் தருவதோடு இழப்பீடும் வழங்க வேண்டும் என்ற ஆணையை 2022 ஏப்ரலில் அதே உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. மோதலின் விசையைக் கணக்கிட்டுப் பார்த்துக் கார் வாங்கும் அறிவியலறிஞனாக நுகர்வோன் இருக்க வேண்டியதில்லை என்ற கருத்து அத்தீர்ப்பில் காணப்படுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்தது.

காலக்கெடுவிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் மிகுதியாகக் கார் விற்கும் நிறுவனம் நெடுங்காலம் 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்று வாரண்டி கொடுத்து வந்தது. 2024 ஜூலையில் அதனை 3 ஆண்டு அல்லது 1 இலட்சம் கிலோமீட்டர் என உயர்த்தியது. இந்த ‘அல்லது’ என்ற சொல்லுக்கு, எது முந்துகிறதோ அது என்று பொருள். வாடகைக்கு ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் முந்தும். கணவர் அயல்நாட்டில் இருக்க, மாதம் நான்கு முறை வாசல் தாண்டும் வண்டிக்கு நாட்கள் முந்தும். நம் வீடுகள் பலவற்றில் இரண்டாம் நிலையே உள்ளது. “ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, எதற்குச் சர்வீஸ்?” என்று கேட்பவர் பலர். நிறுத்தி வைத்திருந்தாலும் எஞ்சின் ஆயில் காற்றுப் பட்டுக் கெடுகிறது. சிறு தூரம் ஓட்டி நிறுத்தும்போது எஞ்சின் முழுச் சூடு ஏறாமல், உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்துவிடுகிறது. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆண்டுக்கொருமுறை என்ற விதி காரணமின்றி வந்ததன்று.

வாரண்டியில் அடங்காதவை எவை என்ற பக்கமே அப்புத்தகத்தில் முதலில் படிக்க வேண்டிய பக்கம். தேய்வதற்கென்றே அமைந்த பாகங்கள் அதில் வரும்: பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வைப்பர் ரப்பர், பல்பு, ஃபியூஸ், வடிகட்டிகள் முதலியன. டயருக்கும் பாட்டரிக்கும் அவற்றைச் செய்த நிறுவனங்களே தனியாகப் பொறுப்பேற்கும். அந்த அட்டைகளில் கடைக்காரர் முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று வண்டி வாங்கும் அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். எலி கடித்த ஒயர், தண்ணீர் புகுந்த எஞ்சின், கலப்பட எரிபொருளால் வந்த கோளாறு ஆகியவை நிறுவனத்தின் குறை ஆகா. வெளியில் வாங்கிய ஆரனையோ கூடுதல் விளக்கையோ பொருத்துவதற்காக ஒயரை வெட்டி இணைத்திருந்தால், பிற்பாடு மின்கோளாறு எது வந்தாலும் அந்த இணைப்பையே காரணம் காட்டுவார்கள். மைத்துனர் ஆசையாக வாங்கிக் கொடுத்த முன்விளக்கு முப்பதாயிரம் ரூபாய்ச் செலவில் முடிவது இப்படித்தான்.

இனிச் சகோதரியின் வழக்குக்கு வருவோம். குறிப்பிட்ட காலத்தில் சர்வீஸ் செய்யாவிட்டால் வாரண்டி பொருந்தாது என்ற நிபந்தனை அவருடைய புத்தகத்தில் இருக்கக்கூடும். முஸ்லிம்கள் தாங்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழி தரும் பொதுவிதி. ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனை, ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனை மட்டுமே அதற்கு விலக்கு. ஆகவே, நமக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மற்றதனைக் கிழித்தெறிய முடியாது. தாமதம் நம் பக்கத்தில் நேர்ந்தது. அதனை ஒப்புக்கொண்டே வாதாட வேண்டும்.

எனினும் அந்தத் தாமதத்திற்கும் இந்தப் பழுதுக்கும் என்ன தொடர்பு? இரண்டு மாதம் தள்ளி ஆயில் மாற்றியதால் எஞ்சினின் உட்பகுதி தேய்ந்தது என்றால் கேட்டுக்கொள்ளலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும் மின்மோட்டாருக்குள் எஞ்சின் ஆயில் போவதே இல்லை. பழுதுக்குக் காரணமாகாத ஒரு தவறைக் காட்டி முழு வாக்குறுதியையும் கைவிடுவது நியாயமாகுமா என்று கேட்கும் உரிமை சகோதரிக்கு உண்டு. எல்லா ஆணையத்திலும் இந்த வாதம் வென்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதே நியாயம் வேறொரு முகத்தில் ஏற்கெனவே ஏற்கப்பட்டிருக்கிறது.

கார் உரிமையாளர் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2011-இல் ஒரு விசாரணையைத் தொடங்கியது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுப்பதும், வெளிமெக்கானிக்கிடம் போனால் வாரண்டி இரத்து என்று மிரட்டுவதும் முறையா என்பது கேள்வி. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன என்பது வேறு செய்தி. நாம் நினைவில் கொள்ள வேண்டியது அவ்வாணையின் ஒரு பகுதி: வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக வாரண்டி முழுவதையும் ஒட்டுமொத்தமாக இரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதம் விளைந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே பொறுப்பிலிருந்து விலகலாம். சேதத்துக்கும் காரணத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பைத்தான் நம் சகோதரியும் வற்புறுத்த வேண்டும்.

மார்க்கத் தீர்ப்பைப் பார்த்தால், வாங்கிய பொருளில் குறை காணப்பட்டால் வணிகத்தை முறித்துக்கொள்ளும் உரிமைக்குக் ‘கியாருல் ஐப்’ என்று பெயர். விற்ற வேளையிலேயே குறையோ, குறைக்கான காரணமோ பொருளில் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தொழிற்சாலையில் சரியாகச் செய்யப்படாத ஒரு மோட்டார் 19-ஆம் மாதத்தில் நின்றாலும், காரணம் முதல் நாளிலேயே உள்ளே இருந்தது. பாலைக் கறக்காமல் மடியிலே தேக்கி வைத்து, மிகுதியாகக் கறக்கும் ஆடு என நம்பவைத்து விற்பதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவர் மூன்று நாட்களுக்குள் ஆட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீத்தம் பழம் கொடுக்க வேண்டும் என்றும் ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. இப்பாடத்தை நடத்திக்கொண்டிருக்கையில் மாணவன் ஒருவன், “ஹஜ்ரத், அப்படியானால் மூன்று நாள் வாரண்டியா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அந்தப் பையன் பாடத்தைப் புரிந்துகொண்டுவிட்டான் என்பதே என் எண்ணம்.

இங்கே ஷாஃபிஈ மத்ஹபுக்கும் ஹனஃபீ மத்ஹபுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குறையை அறிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும், அறிந்தபின் வாளாவிருந்தால் உரிமை போய்விடும் என்பது ஷாஃபிஈ சட்டம். ஹனஃபீ சட்டத்தில் சற்று அவகாசம் உண்டு. ஆனால் குறையை அறிந்துகொண்டே தன் தேவைக்குப் பொருளைப் பயன்படுத்தினால், அதனை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். எந்த மத்ஹபைப் பின்பற்றுபவராயினும் கார் வைத்திருப்பவருக்கு இதிலே ஒரு பாடம் இருக்கிறது. ஏதோ ஒரு சத்தம் கேட்கிறது, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது. சத்தம் கேட்ட வாரமே போக வேண்டும். போனால் மட்டும் போதாது, அது எழுத்தில் ஏற வேண்டும்.

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் பலர் சொல்லிவிடுவர்: சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. சிறியதாயினும் பெரியதாயினும் தவணையோடு எழுதிக்கொள்ளச் சோம்பாதீர்கள் என்று இறைவன் அங்கே அறிவுறுத்துகிறான். சர்வீஸ் நிலையத்தில் நாம் வண்டியை விடும்போது ‘ஜாப் கார்டு’ என்ற தாளை நிரப்பிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நம்மில் எத்தனை பேர் அதனைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறோம்? “இடப்பக்க முன்சக்கரத்தில், மேடு பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் வருகிறது” என்று நாம் வாயால் சொல்லியிருப்போம். தாளில் ‘பொதுச் சோதனை’ என்று மட்டும் இருக்கும். வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கையில் சொன்ன குறை, முடிந்து ஒரு மாதம் கழித்துப் பெரிதாகும்போது, “நீங்கள் முன்பே சொன்னதாக எங்களிடம் பதிவு இல்லையே” என்பார்கள். நாம் சொன்ன சொற்களையே அதில் எழுதச் சொல்ல வேண்டும். நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். இந்த வேலைக்கு மெக்கானிக் அறிவு தேவையில்லை. வீட்டுக் கணக்கை ஒழுங்காக எழுதும் பெண்களே இதனை ஆண்களைவிடச் செம்மையாகச் செய்வார்கள்.

ஆகவே சகோதரி செய்ய வேண்டிய முதற்காரியம், மறுப்பை எழுத்தில் கேட்பது. எந்த விதியின்படி மறுக்கிறீர்கள், அந்தத் தாமதம் இந்தப் பழுதை எவ்வாறு உண்டாக்கியது என்ற இரண்டையும் எழுதித் தருமாறு கேட்கட்டும். வாயால் துணிந்து சொன்ன பலர் தாளில் எழுதத் தயங்குவார்கள். எழுதித் தந்தாலும் தராவிட்டாலும், கார் நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்: சேஸிஸ் எண், வாங்கிய தேதி, சர்வீஸ் தேதிகள், ஓடிய தூரம், பழுது நேர்ந்த இடம், வண்டியில் நோயாளி இருந்த விவரம் ஆகியவற்றைச் சுடுசொல் ஒன்றும் இன்றி எழுதினால் போதும். மருத்துவமனைச் சீட்டின் நகலையும் இணைக்கலாம். விற்பனையாளர் வேறு, தயாரிப்பாளர் வேறு. விற்பனையாளர் கைவிரித்த இடத்தில், நல்லெண்ணத்தின் பேரில் செலவில் ஒரு பகுதியையாவது தயாரிப்பாளர் ஏற்பதும் உண்டு.

அதிலும் பயன் கிட்டாவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் அப்பால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு பெரிய வசதி உண்டு: நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நாம் செலுத்திய விலை 50 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 இலட்சம் வரை கட்டணமே கிடையாது. 5 முதல் 10 இலட்சம் வரை 200 ரூபாய். 20 இலட்சம் வரை 400 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். சோதனைக்கூட ஆய்வு தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது நீளும், பொறுமை வேண்டும். தயாரிப்புக் குறை என்று வாதிட்டால் அதனை மெய்ப்பிக்க நிபுணர் சான்று கேட்கப்படலாம். ஆதலால் கழற்றிய பழைய மோட்டாரை அவர்களிடமே விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. பணம் கட்டி மாற்றும் கட்டாயம் வந்தால், மறுப்புத் தெரிவித்துக்கொண்டே கட்டுவதாக ரசீதில் எழுதி, பழைய பாகத்தையும் வாங்கி வைக்கட்டும். மாமியாரின் சிகிச்சை ஆணையத்தின் தேதிக்குக் காத்திருக்காது. இறுகிய ஸ்டியரிங்கோடு வண்டியை ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது.

சர்வீஸ் கட்டணத்தைப் பற்றியும் சில சொற்கள். முதல் மூன்று சர்வீஸ்கள் இலவசம் என்று விற்கும்போது சொல்கிறார்கள். இலவசம் என்பது வேலைக்கூலிக்கு மட்டும். ஆயில், வடிகட்டி முதலியவற்றுக்குப் பணம் உண்டு. முதல் சர்வீஸுக்குச் சென்று பில்லைக் கண்டு திகைத்தவர்கள் எங்கள் மஹல்லாவிலேயே பலர். இதனை மோசடி என்று சொல்ல முடியாது. விற்பவர் விளக்கிச் சொல்லாதது குறைதான். ஆனால் இன்னொரு வகை உண்டு. வண்டியை விட்டுவிட்டு அஸர் தொழுகைக்குப் போயிருக்கும்போது தொலைபேசி வரும்: எஞ்சினை உட்புறம் கழுவலாமா, ஏ.சி.க்குக் கிருமிநாசினி அடிக்கலாமா, அடிப்பாகத்துக்குப் பூச்சு போடலாமா என்று. கேட்கும் இளைஞர் நம் வீட்டுப் பிள்ளை போன்றவரே; அவருக்கும் மாத இலக்கு இருக்கிறது. அவரிடம் கோபம் வேண்டாம். “வண்டியோடு வந்த புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டருக்கு இது செய்ய வேண்டும் என்று இருக்கிறதா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம். கடலோர ஊர்களில் அடிப்பாகப் பூச்சுக்குத் தேவை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உப்புக் காற்று இரும்பை விடுவதில்லை.

பில்லில் எத்தனை லிட்டர் ஆயில் என்று பாருங்கள். சிறிய பெட்ரோல் காருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் அளவில் போதும். சரியான அளவு புத்தகத்திலேயே இருக்கும். அளவில் குறைப்போருக்குக் கேடு என்று தொடங்கும் ‘அல்முதஃப்பிஃபீன்’ அத்தியாயம் அரிசிக் கடைக்கு மட்டும் இறங்கியதா? அதே அத்தியாயம் நமக்கும் உரியது. விபத்தில் உடைந்த பழைய கீறலையும் சேர்த்து இன்சூரன்ஸ் கணக்கில் எழுதச் சொல்பவர், அலுவலகத்தில் காட்டுவதற்காகக் கூடுதல் தொகைக்குப் பில் கேட்பவர் ஆகியோரும் நம் வரிசையில்தான் நின்று தொழுகிறார்கள்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் சூழ்ந்த காரை வடிந்தபின் ஆர்வத்தில் சாவி திருப்பிப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுத்தத்துக்கு இடங்கொடாது. உள்ளேயிருக்கும் கம்பி வளைந்து எஞ்சினே பாழாகும். அதற்கு வாரண்டி கிடையாது. காப்பீட்டிலும் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லையேல் மறுத்துவிடுவார்கள். சாவியைத் தொடாமல், நிலையைப் படம் எடுத்து வைத்து, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

கூடுதல் பணம் கட்டி வாரண்டியை நான்காம், ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கலாமா என்று வேறு இரு வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள். வண்டியின் விலைக்குள் அடங்கி, விற்பனையின் நிபந்தனையாக வரும் வாரண்டியைக் கூடும் என்றே தற்கால அறிஞர்களில் பெரும்பாலோர் கூறுகின்றனர். தனியே பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பில் கருத்து வேறுபாடு உண்டு. பழுது வருமோ வராதோ, வந்தால் எவ்வளவோ என்று ஒன்றும் தெரியாமல் பணம் கொடுப்பதால் அதில் ‘கரர்’ எனும் நிச்சயமின்மை உள்ளது, அது காப்பீட்டை ஒத்தது என்பர் ஒரு சாரார். தயாரித்தவரே தன் பொருளுக்குப் பொறுப்பை நீட்டுவதும், யாரோ மூன்றாமவர் பணம் வாங்கிக்கொண்டு இழப்பீடு தருவதும் ஒன்றாகா என்பர் மற்றொரு சாரார். பேணுதலை விரும்புவோர் விலகி நிற்பதே எனக்குச் சரியாகப்படுகிறது. அவரவர் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. இன்ன தேதிகளில், இன்ன வேலைகளுடன், இத்தனை சர்வீஸ் என்று எண்ணிக்கை குறித்து முன்பணம் கட்டுவதில் இந்தச் சிக்கல் இல்லை. வேலையும் கூலியும் தெரிந்த உடன்படிக்கை அது.

வண்டியை விற்கும் நாளும் ஒருநாள் வரும். வாரண்டி பெரும்பாலும் வண்டியைத் தொடர்ந்து செல்லும். மீதிக்காலம் வாங்குபவருக்கு உரியது. பணம் கட்டி நீட்டித்ததாயின் அதனைப் பெயர் மாற்றித் தர வேண்டும். முத்திரையிட்ட சர்வீஸ் புத்தகமும் பில்களும் முழுமையாக இருக்கும் வண்டிக்கு விலையும் கூடும். மீட்டரைத் திருப்பி ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும் வழக்கம் தரகர்கள் வழியே நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. தானியக் குவியலின் ஈரத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிக் கடிந்துகொண்டார்கள் என்பதனைச் சிறு பிள்ளைகளும் ஓதியிருக்கிறார்கள். “இருக்கிற நிலையில் விற்கிறேன், பிறகு என்னிடம் வரக்கூடாது” என்று சொல்லிவிட்டால் பொறுப்புத் தீர்ந்ததா? எல்லாக் குறைகளிலிருந்தும் விலகுவதாகச் சொல்லி விற்பதனை ஹனஃபீ சட்டம் ஏற்கிறது. ஷாஃபிஈ சட்டத்தில், உயிர்ப்பிராணியில் விற்பவர் அறியாத மறைவான குறைக்கு மட்டுமே அந்தச் சொல் பயன்படும், காருக்குப் பயன்படாது. அறிந்த குறையை வாங்குபவரிடம் மறைப்பது பாவம் என்பதில் இரு மத்ஹபுக்கும் வேற்றுமை இல்லை.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒன்று. தயாரிப்பில் குறை கண்டு நிறுவனமே ஒரு தொகுதி வண்டிகளைத் திரும்ப அழைப்பதுண்டு. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அவ்வாறு திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கும் கொடுத்திருக்கிறது. அவ்வேளையில் அந்தப் பாகத்தைக் கட்டணமின்றி மாற்றித் தருவார்கள். வாரண்டிக் காலம் முடிந்த வண்டிகளுக்கும் பெரும்பாலும் அவ்வாறே செய்கிறார்கள். ஆனால் அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போகும், அவர் வீடு மாறியிருப்பார். வண்டியின் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இட்டோ, அருகிலுள்ள சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தோ, நிலுவையில் அழைப்பு ஏதும் உள்ளதா என்று பார்த்துவிட்டு, உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர்கள் பதிவேட்டில் மாற்றச் சொல்லுங்கள். கடிதம் எழுதிய சகோதரியும் தம் வண்டியின் எண்ணைக் கொடுத்துப் பார்க்கட்டும். ஸ்டியரிங் மோட்டாருக்காக முன்னர் திரும்ப அழைக்கப்பட்ட தொகுதியில் அந்த வண்டி இருந்தால், சர்வீஸ் தாமதம் பற்றிய பேச்சுக்கே அங்கு இடமிராது.